சுவாமியாரின் இரும்புப் பெட்டி

கப்பலின் நடைத்தளத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பம்பரம் சுழற்றிக்கொண்டிருக்கிறான். தான் ஏறியிருக்கும் கப்பல் உலகத்திலேயே பெரியது என்று ஊரெல்லாம் பேசிக்கொள்வதைப் பற்றியோ, பக்கத்தில் விரிந்து கிடக்கும் கடலைப் பற்றியோ அவனுக்கு எவ்விதச் சிந்தையும் இல்லையென்பதும், அவன் பிராணன் முழுவதும் அந்தப் பம்பரத்தின் ஆணி முனையில் வந்து நிற்கிறதென்பதும் பார்த்தவுடனே விளங்கிவிடுகிறது. அவனுடைய தந்தையார் அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் அந்தப் புகைப்படம். கப்பலின் பெயர் டைட்டானிக். மாதம் 1912 ஏப்ரல். சிறுவனின் பெயர் டக்ளஸ் ஸ்பெடன். நான்கு நாட்களுக்குள் நேர்ந்த அந்த மகா விபத்தில் அவனும் அவன் பெற்றோரும் தப்பினார்கள் என்று படிக்கும்போது நமக்கு ஓர் ஆறுதல் உண்டாகிறது. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, 1915-இல், அமெரிக்காவிலே மெயின் மாகாணத்தில் ஒரு மோட்டார் வண்டி மோதி அந்தக் குழந்தை இறந்துபோனான் என்பதை அடுத்த வரியில் படிக்க நேரும்போது, அந்தப் பம்பரத்தை மறுபடி பார்க்காமல் பக்கத்தைத் திருப்ப மனம் வருவதில்லை.

இந்தப் படத்தை எடுத்தவர் பத்திரிகைக்காரரும் அல்லர், புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டவரும் அல்லர். முப்பத்திரண்டு வயதாகியும் இன்னும் குருப்பட்டம் பெறாமல், டப்ளின் நகரத்து மில்டவுன் பார்க்கில் வேதசாஸ்திரம் பயின்றுகொண்டிருந்த பிரான்சிஸ் பிரௌன் என்ற ஐரிஷ் துறவி அவர். நம்முடைய வீரமாமுனிவர் எந்தச் சபையைச் சேர்ந்தவரோ அதே இயேசு சபையில் சேர்ந்தவர்; ஆகவே வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளுக்கும் கட்டுப்பட்டவர். இவற்றில் மூன்றாவதாகிய கீழ்ப்படிதலே அவருடைய காமிராவை எங்கெங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதை வாழ்நாள் முழுவதும் தீர்மானித்து வந்தது என்பது என் எண்ணம்.

1880-ஆம் ஆண்டில் கார்க் நகரத்தில், எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். பிறந்து எட்டே நாட்களில் பிரசவ ஜுரத்தினால் தாயார் காலமானார். ஒன்பது வயது நடக்கும்போது தந்தையார் கடலில் நீந்தப் போன இடத்தில் மூழ்கி இறந்தார். அதன்பின் அவரை ஆதரித்து வளர்த்தவர் சிறிய தகப்பனார் ஸ்தானத்தில் இருந்த ராபர்ட் பிரௌன். பின்னாளில் கிளாய்ன் மறைமாவட்டத்தின் மேற்றிராணியாராக இருந்தவர். பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு 1897-இல் ஐரோப்பிய யாத்திரைக்குப் புறப்பட்ட பிள்ளையின் கையில் அந்த மேற்றிராணியார் ஒரு காமிராவை வாங்கிக் கொடுத்தார். தாயின் முகத்தை நினைவு வைத்துக்கொள்ளும் பாக்கியமே இல்லாமற்போன ஒரு பையனுக்கு முகங்களைப் பிடித்து வைக்கும் கருவி ஒன்று கிடைத்தது என்பதை விதியின் விளையாட்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் தம்மைப் பற்றி அப்படியெல்லாம் சொல்லிக்கொண்டவராகத் தெரியவில்லையாதலால் நானும் அதை வற்புறுத்தவில்லை. யாத்திரையிலிருந்து திரும்பியதும் அவர் துல்லாபெக் என்னும் இடத்திலுள்ள நவதுறவகத்தில் சேர்ந்தார். பிறகு டப்ளினில் ராயல் சர்வகலாசாலையில் படித்த காலத்தில் ஜேம்ஸ் ஜாய்ஸ் அவருடைய வகுப்புத் தோழர். ஜாய்ஸின் கடைசி நாவலில் இவர் ஒரு பாத்திரமாகத் தலைகாட்டுகிறார் என்பார்கள். 1909-இல் மேற்றிராணியாரோடு ரோமாபுரிக்குப் போனபோது பத்தாம் பத்திநாதர் பாப்பானவரையே படமெடுக்கும் அனுமதி கிடைத்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே மேற்றிராணியார் அனுப்பிய மற்றொரு பரிசுதான், சவுதாம்ப்டனிலிருந்து பிரான்ஸ் தேசத்துச் செர்பூர் வழியாக அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் வரையில் டைட்டானிக்கில் பிரயாணம் செய்வதற்கான முதல் வகுப்புச் சீட்டு. ஏப்ரல் 10-ஆம் தேதி நண்பகலில் கப்பல் நங்கூரம் எடுத்தது. மறுநாள் பகலில் அவர் இறங்கிவிட வேண்டும். ஏறக்குறைய ஒரு நாள். ஏ-37 என்று எண்ணிட்ட தம்முடைய அறையிலிருந்து தொடங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் அவர் எடுத்துத் தள்ளினார். துறைமுகத்தை விட்டு நகரும்போதே, டைட்டானிக் கிளப்பிய நீரோட்டத்தின் இழுப்பினால் ‘நியூயார்க்’ என்ற வேறொரு கப்பல் கட்டவிழ்ந்து மோத வந்த காட்சியைப் பிடித்தார். தேகப்பயிற்சிக் கூடத்தின் உபாத்தியாயர் மக்காலியை வெள்ளை உடுப்போடு பிடித்தார். எழுத்தாளர் ஜாக் ஃபுட்ரெல் மேல்தளத்தில் நிற்பதைப் பிடித்தார். மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளையும் அவருடைய காமிரா ஒதுக்கவில்லை. அவர்களில் பலர் யாரென்று இன்றைக்கும் தெரியாது. பந்தியில் உட்கார்ந்தவர்களையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டு, பரிமாறினவர்களில் ஒருவரைக்கூட எடுக்காத கலியாண ஆல்பங்களையே பார்த்துப் பழகியவன் நான். ஆதலால் முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த ஒருவர் சிப்பந்தியையும் ஏழைப் பிரயாணியையும் தேடி எடுத்திருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

அன்று இரவு போஜன சாலையில் அவரோடு ஒரே மேசையில் அமர்ந்த அமெரிக்கத் தனவந்தத் தம்பதிகளுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. நியூயார்க் வரையில் தங்களுடனேயே வரவேண்டுமென்றும், போக வரச் செலவெல்லாம் தங்களுடையதென்றும் அவர்கள் சொன்னார்கள். காமிராவைக் கையில் வைத்திருக்கும் ஒருவனுக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தை இப்படியொரு கப்பலில் கடக்கும் வாய்ப்பு மறுபடி எப்போது வரப்போகிறது? ஆனால் போகலாமா கூடாதா என்று நிச்சயிக்கும் அதிகாரம் அவரிடத்தில் இல்லை. கம்பியில்லாத் தந்தி மூலம் தம்முடைய சபையின் மாநிலத் தலைவருக்கு விண்ணப்பம் அனுப்பினார். பதில் குயின்ஸ்டவுனில் காத்திருந்தது. ‘அந்தக் கப்பலை விட்டு இறங்கு, மாநிலத் தலைவர்’ என்பதே அதன் சாரம், ஆங்கிலத்தில் கையொப்பத்தையும் சேர்த்து ஐந்தே சொற்கள். பிரியம், ஆசீர்வாதம், காரணம், சமாதானம் ஒன்றும் கிடையாது.

அவர் இறங்கினார். கரைக்குச் செல்லும் சிறு கப்பலில் நின்றபடி, டைட்டானிக்கின் உச்சியிலிருந்து தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்த கப்பல் தலைவர் ஸ்மித்தை ஒரு படம் எடுத்தார். நங்கூரம் கடைசித் தடவையாக மேலேறுவதையும் எடுத்தார்; அது கடைசித் தடவை என்பது எடுத்தவருக்கும் தெரியாது, இழுத்தவர்களுக்கும் தெரியாது. துறைமுகத்துக்கு மேலே, குன்றின் மீது, அவருடைய சிறிய தகப்பனாரின் ஆலயமாகிய புனித கோல்மன் பேராலயம் கட்டி முடியாத நிலையில் நின்றுகொண்டிருந்தது.

ஏப்ரல் 14 நள்ளிரவுக்குச் சற்று முன்னால் பனிப்பாறை மோதி, விடிவதற்குள் கப்பல் ஆயிரத்து ஐந்நூறு பேரோடு அமிழ்ந்தது. பத்திரிகைகளெல்லாம் படத்துக்காக ஏங்கியபோது, கப்பலின் உட்புறத்தையும் அதில் உலாவிய மனிதர்களையும் காட்டும் நெகட்டிவ்கள் ஒரு குருமாணவரின் கைவசம் இருந்தன. உலகமெங்கும் அவை அச்சாயின. கோடாக் கம்பெனியார் அவருக்கு ஆயுள் முழுவதும் இலவசமாகப் பிலிம் தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். சம்பாத்தியம் எதையும் தம்முடையதென்று சொல்லிக்கொள்ளக் கூடாத ஒரு சந்நியாசிக்கு இதைவிடப் பொருத்தமான மானியம் யாரும் அளித்திருக்க முடியாது. அந்தத் தந்தியையோ அவர் மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு சாகும்வரை உடன் கொண்டு திரிந்தார் என்றும், கீழ்ப்படிதலென்னும் புண்ணியம் ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றியது அந்த ஒரே தடவைதான் என்று வேடிக்கையாகச் சொல்வாரென்றும் கூறுகிறார்கள்.

பக்தியுள்ளவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது, கடவுள் தம் ஊழியனைக் காப்பாற்றினார் என்று முடிப்பது வழக்கம். எனக்கு அது உவப்பாயில்லை. அதே கப்பலில் தாமஸ் பைல்ஸ் என்ற ஆங்கிலேயக் குருவும், ஜெர்மனியைச் சேர்ந்த பெருஷிட்ஸ் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவியும், லித்துவேனியாவைச் சேர்ந்த மான்ட்விலா என்ற இளங்குருவும் பிரயாணம் செய்தார்கள். பைல்ஸ் சுவாமியார், படகுகள் இறக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது, அழுகிற ஜனங்களின் நடுவே நின்று பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு அளித்துக்கொண்டிருந்ததைத் தப்பினவர்கள் பார்த்திருக்கிறார்கள். மூவரும் இறந்தார்கள். அவர்களும் ஊழியர்களே. பிரௌன் அன்று கப்பலில் இருந்திருந்தால், குருப்பட்டம் பெறாதவராகையால், பாவமன்னிப்பு அளிக்கும் அதிகாரங்கூட அவருக்கு இருந்திராது. தம்முடைய இடத்தில் தாம் இல்லாமற்போனதைப் பற்றி அவர் என்ன நினைத்தாரென்று ஊகிப்பதைக் காட்டிலும், அதற்குப் பின் அவர் எங்கே போய் நின்றார் என்று பார்ப்பதே நியாயம்.

1915 ஜூலை 31-ஆம் தேதி, சபை ஸ்தாபகரான புனித இஞ்ஞாசியாரின் திருநாளில் அவர் குருவானார். அடுத்த வருஷமே ஐரிஷ் கார்ட்ஸ் சேனைக்கு ஆன்ம குருவாக ஐரோப்பியப் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டார். சோம், மெசீன், பாஷண்டேல், ஈப்ர் என்று அந்தக் காலத்துத் தாய்மார்கள் கேட்டால் நடுங்கிய பெயர்களெல்லாம் அவர் நடந்த களங்கள். பதுங்குகுழிகளில் ஆயுதம் இல்லாமல் இருப்பவன் ஆன்ம குரு. குண்டு பட்டு இரு தரப்புக் கம்பி வேலிகளுக்கும் இடையே கிடப்பவனிடத்தில் ஊர்ந்து போய், சேறும் ரத்தமும் படிந்த அவன் நெற்றியில் அவஸ்தைப்பூசுதலின் எண்ணெயைத் தொட்டுவைத்து, அவன் சொல்கிற கடைசி வார்த்தையை வீட்டுக்கு எழுத வேண்டியது அவன் கடமை. அந்த வேலையில் பிரௌன் சுவாமியார் ஐந்து முறை காயமுற்றார். ஒரு முறை விஷவாயு அவர் நுரையீரலைப் பழுதாக்கிற்று. வீரத்துக்கான மிலிட்டரி கிராஸ் பதக்கம் இரண்டு தடவை அவருக்குக் கிடைத்தது. அந்தச் சேனையில் அதிகாரியாக இருந்து, பிற்காலத்தில் பீல்டு மார்ஷலாக விளங்கிய அலெக்ஸாண்டர், தாம் சந்தித்த மனிதர்களிலேயே மிகத் தைரியசாலி பிரௌன்தான் என்று சொன்னதாக அவருடைய சரித்திரத்தை எழுதினவர்கள் குறிக்கிறார்கள்.

போர் முனையிலும் காமிரா அவரோடு இருந்தது. ஆனால் டைட்டானிக்கில் ஒரே நாளில் அத்தனை படமெடுத்த கை, யுத்த வருஷங்களில் எவ்வளவோ அடக்கமாக இருந்திருக்கிறது. சண்டை ஓய்ந்து ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் காவல் இருந்த சேனையை அவர் எடுத்த படங்கள் ஒரு தொகுதியாக உண்டு, இளைப்பாறுகிற முகங்கள். செத்துக்கொண்டிருப்பவன் அருகில் மண்டியிட்டிருக்கும்போது இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறது. மூன்றாவது கை வேண்டும் படமெடுக்க. படைச் சட்டமும் சொந்தக் காமிராவை விலக்கியிருந்ததென்பது வாஸ்தவமே. சட்டத்தை மட்டும் காரணமாக்கினால் மனிதரைத் தெரிந்துகொள்ளத் தவறிவிடுவோம்.

யுத்தத்துக்கு முந்தின பிரௌனின் படங்களையும் பிந்தின படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு வித்தியாசத்தைக் காணலாம். டைட்டானிக் படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் சற்றுத் தொலைவில், நடந்துகொண்டோ முதுகைத் திருப்பிக்கொண்டோ தென்படுகிறார்கள்; எடுத்தவர் மரியாதை தெரிந்த ஒரு விருந்தாளி. 1920-க்குப் பின் அவர் எடுத்த படங்களிலோ முகங்கள் நெருங்கி வருகின்றன. குழந்தைகள் நேரே நம்மைப் பார்க்கிறார்கள். கைவேலையில் ஈடுபட்டவர்கள் கையை நிறுத்தாமல் இருக்கிறார்கள். இவர் வந்து நின்றது அவர்களுக்கு ஒரு விசேஷமாகவே தோன்றவில்லை. வழிப்போக்கன் ஒருவனுக்கு அந்தச் சலுகையை ஜனங்கள் கொடுக்கமாட்டார்கள். நம்மவர் என்று எண்ணினவருக்கே கொடுப்பார்கள்.

விஷவாயுவில் கெட்ட நுரையீரல் அயர்லாந்தின் ஈரக் காற்றைத் தாங்கவில்லை. டப்ளின் கார்டினர் வீதி ஆலயத்தில் தலைமைப் பொறுப்பேற்று இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1924-இல், உஷ்ணப் பிரதேசத்துக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று மேலிடத்து உத்தரவு பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போனார். திரும்பும்போது இலங்கை, ஏடன், சூயஸ், நேப்பிள்ஸ், லிஸ்பன் என்று கப்பல் நின்ற இடத்திலெல்லாம் இறங்கிப் படமெடுத்தார். ஒரு தந்தி இறங்கச் சொல்லிற்று. இன்னோர் உத்தரவு ஏறச் சொல்லிற்று. இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரியாகப் பெட்டியைக் கட்டினார்.

1929-இல் அவருக்கு ஏற்பட்ட நியமனமே அவருடைய கலைக்கு நேர்ந்த பெரிய அனுகூலம் என்று நான் நினைக்கிறேன். அயர்லாந்து முழுவதும் ஊர் ஊராகச் சென்று தியானப் பிரசங்கங்களும் ஞானஒடுக்கங்களும் நடத்துவது அந்த உத்தியோகம். பிரசங்கம் சாயங்காலத்தில், ஜனங்கள் வேலை முடிந்து வரும்போது. பகல் முழுவதும் பிரசங்கிக்கு ஓய்வு. அந்தப் பகல்களில் அவர் காமிராவை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். காலையில் சந்தையில் எந்த முகத்தைப் படமெடுத்தாரோ அதே முகம் மாலையில் ஆலயத்துப் பலகையில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டிருக்கும். சில சமயம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்து, மரக்கிராதிக்கு அப்பால், வெளிச்சமில்லாத இடத்தில், தன் துக்கத்தைச் சொல்லியிருக்கும். இரண்டையும் செய்கிற ஒருவன் மனிதனைப் பார்க்கும் விதம், காமிராவை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கு வாய்க்காது. பகலில் வெளிச்சத்தைக் கொண்டு முகத்தைப் படித்தவர், இருட்டில் முகமே தெரியாமல் குரலைக் கொண்டு அதே மனிதனைப் படித்தார். அவரிடத்தில் இருந்த விசுவாசத்தையும் ஜனங்களின் மேலிருந்த பிரியத்தையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டு என்று என்னைக் கேட்டால் என்னால் ஆகாது. பிரசங்கத்துக்காகப் போன ஊரில் படம் எடுத்தாரா, படத்துக்காகப் போனதுபோல் பிரசங்கம் செய்தாரா என்று பொறாமைக்காரர்கள் யாரேனும் கேட்டிருக்கவும் கூடும்.

இப்படி ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்தவை ஏறக்குறைய 42,000 நெகட்டிவ்கள். 1960 ஜூலை 7-ஆம் தேதி, எண்பதாம் வயதில் அவர் டப்ளினில் மறைந்தார். கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில், இயேசு சபையாருக்கென்று விட்டிருக்கும் பகுதியில் அடக்கம் செய்தார்கள். டைட்டானிக் படங்களை எடுத்தவர் என்ற அளவில் அவர் பெயர் சிலருக்கு நினைவிருந்தது. மற்றப் படங்களை எல்லோரும் மறந்தார்கள். அவை ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் இருபத்தைந்து வருஷங்கள் கிடந்தன.

1985-இல் எட்வர்டு ஓடானல் என்ற இயேசு சபைக் குரு, சபையின் ஆவணக் காப்பகத்தில் தற்செயலாக அந்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதி பழைய நைட்ரேட் பிலிம். அந்தப் பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பருத்தியை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து வெடிமருந்து செய்கிறார்களே, அதற்கு இது நெருங்கிய உறவு. நாளாக ஆகத் தன்னைத் தானே தின்றுகொள்ளும். முதலில் மஞ்சளாகும், பிறகு பிசுபிசுக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், அமில நெடி வீசும், கடைசியில் பழுப்புத் தூளாக உதிர்ந்துபோகும். நெருப்புப் பட்டால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. இன்னும் சில வருஷங்கள் பெட்டியை யாரும் திறக்காதிருந்தால், ஓர் அரை நூற்றாண்டு அயர்லாந்தின் முகங்கள் தூளாகியிருக்கும். டேவிட் டேவிசன், எட்வின் டேவிசன் என்ற நிபுணர்கள் ஒவ்வொரு நெகட்டிவையும் எடுத்துப் பத்திரமான புதிய பிலிமில் நகல் செய்து, அட்டவணை தயாரிக்கும் பெரும் பணியை ஏற்றார்கள். அதன்பின் புத்தகம் புத்தகமாக வெளிவரத் தொடங்கிற்று. டைட்டானிக் ஆல்பம் மட்டும் தனி நூலாக 1997-இல் வந்தது.

அந்த ஆல்பத்தில், படமெடுக்கத் தெரிந்த எவனும் கிழித்தெறிந்துவிடக் கூடிய ஒரு படம் இருக்கிறது. கம்பியில்லாத் தந்தி அறையில் இயந்திரங்களுக்கு முன்னால் ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். இருபத்திரண்டு வயது ஹெரால்டு பிரைடு என்பவன். பிலிமைத் தள்ள மறந்தோ என்னவோ, ஒரே பிலிமில் இரண்டு தடவை வெளிச்சம் விழுந்துவிட்டதால், இயந்திரத்தின் மேல் இயந்திரமும் சுவரின் மேல் சுவரும் ஏறிப் படம் கலங்கிக் கிடக்கிறது. சுத்தமாகக் கெட்டுப்போன படம். பிரௌன் அதை எறியவில்லை. டைட்டானிக்கின் தந்தி அறையைக் காட்டும் புகைப்படம் உலகத்தில் அது ஒன்றுதான். அந்த மேசையிலிருந்துதான் ஏப்ரல் 14 இரவில், பிரைடின் மேலதிகாரியான ஜாக் பிலிப்ஸ் தண்ணீர் காலடிக்கு வரும்வரையில் உதவி கேட்டு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். குயின்ஸ்டவுனில் பிரௌன் இறங்கிய நாளில்தான் அவனுக்கு இருபத்தைந்து வயது நிறைந்திருந்தது. அந்தச் செய்தி எட்டிய கார்பேதியா கப்பல் வந்து, 700-க்கு மேற்பட்டவர்களைப் படகுகளிலிருந்து ஏற்றிக்கொண்டது. பம்பரச் சிறுவனும் அவர்களில் ஒருவன். பிலிப்ஸ் திரும்பவில்லை. அதற்கு மூன்று, நான்கு நாட்களுக்கு முன்பு, நியூயார்க் வரையில் போய்வர உத்தரவு வேண்டுமென்று பிரௌன் எழுதிக் கொடுத்த காகிதமும் அதே மேசைக்குத்தான் வந்தது. அவ்விரு இளைஞர்களில் யாரோ ஒருவன்தான் அதைத் தட்டி அனுப்பியிருக்கிறான்.